வந்தது என்றால்

முதல் கேள்வி சுலபமாகத்தான் இருந்தது:
சரக்கு எப்போது வந்ததாகிறது?

பிவண்டியில்
லாரியின் மூக்கு கேட்டுக்கு வெளியே தெரிந்தாலே வந்தது.
மோமின் பாய் பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
நேரம் குறித்துவிடுவார்.
தலோஜாவில் கதவு திறந்து
தெர்மாமீட்டர் எட்டு டிகிரிக்குக் கீழே காட்ட வேண்டும்.
அதுவரை அது நிற்கிறது, அவ்வளவுதான்.
வசாயில் லோபோ சிரித்தார்:
"எண்ணி, அடுக்கி, கையெழுத்துப் போட்டு,
ஒரு டீ குடித்த பிறகு வந்தது, மேடம்."
அந்தேரி ஆறாம் மாடியில்
பில்லுக்குப் பணம் போகிற நாளில் வருகிறது.
அங்கே யாரும் லாரியைப் பார்த்ததில்லை.

ஒரே கம்பெனி, ஒரே மருந்து.
என் எக்செல் கட்டத்தில்
ஒரு தேதிக்குத்தான் இடம்.

என் பெயரும் அப்படித்தான் அலைந்தது.
பிவண்டி விசிட்டர் பாஸில் எலில்மதி,
தலோஜாவில் எஜில்மதி,
வசாயில் மிஸ் மதி,
அந்தேரியில் வெண்டர் மூன்று.
எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.
"வசை போகிறேன்" என்று அவசரத்தில் தட்டிய செய்திக்கு
"யார் திட்டியது?" என்று அம்மா கேட்டிருந்தாள்.
ரயிலில் நின்றபடி சிரித்தேன்.
பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள்
காரணம் கேட்காமல் தானும் சிரித்தாள்.

ஜூலையில், மூன்றாம் முறை பிவண்டி.
பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.
மழை நாட்களில் எல்லா லாரியும்
ஆறு மணிக்குள் வந்திருந்தது.
ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது. ஐந்து ஐம்பத்தைந்து.
இப்படி ஒழுங்காக மழை பெய்யுமா இந்த ஊரில்?

அன்றைய லாரி ஆறு இருபத்தைந்துக்கு
வைப்பர் ஒடிந்து வந்து நின்றது.
ஐந்து ஐம்பது என்று எழுதினார்.
நான் பார்த்ததைப் பார்த்தார்.
"ஆறு தாண்டினால் டிரைவருக்கு நானூறு ரூபாய் வெட்டு.
மான்கோலியில் இடுப்பளவு தண்ணீர்.
அதை அவனா ஊற்றினான்?"
பிறகு, நான் கேட்காமலே:
"குளிர் அளவை ஒருநாளும் தொட்டதில்லை.
அது நோயாளிக்குப் போவது."

நோட்டுப் புத்தகத்தில்
தேவை எண் நாற்பத்தேழு என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதாமல்
தாணே வரை வந்தேன்.

வெள்ளிக்கிழமை, நான்கு ஜன்னல்களில் நான்கு ஊர்.
"நேரத்தை மெஷினே போடட்டும், கை வேண்டாம்" என்றார்
கேயூர் சங்க்வி, ஆறாம் மாடியிலிருந்து.
தலோஜா தலையாட்டியது.
வசாய் மியூட்டில் இருந்தது.
கேட்டை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை.
அழைப்பு அனுப்பியவள் நான்தான்.

அன்றிரவு ஒரு தேதியை நான்காக உடைத்தேன்:
கேட்டில் நின்றது, குளிர் சரியானது,
எண்ணி முடித்தது, பணம் போனது.
ஐந்தாவதாக ஒரு கட்டம்: தாமதக் காரணம்.
நிரப்ப வேண்டியவர்: கேட் காவலர்.
அது நிரம்பாமல் அபராதம் கணக்கிடப்படக் கூடாது.

திங்கட்கிழமை நான்கும் பச்சையாகத் திரும்பின.
ஐந்தாவதற்கு மஞ்சள்.
மஞ்சள் என்றால் அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்.
அடுத்த கட்டம் என்றால் என்ன என்று
எந்த ஊரிலும் நான் கேட்டதில்லை.

ஒப்புதல் வாங்க மறுபடி பிவண்டி.
பத்து மணிக்குக் கூட்டம்.
தண்ணீரில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி,
செருப்பைக் கையில் பிடித்து,
கேட்டை எட்டும்போது பத்தே முக்கால்.
மோமின் பாய் ரிஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.
எலில்மதி. உள்ளே: ஒன்பது ஐம்பது.

மஞ்சளைப் பற்றி அவரிடம் சொல்ல
வாய் திறந்தேன்.
பேனாவை நீட்டினார்.
மூடியில் பல்தடம்.

கையெழுத்துப் போட்டேன்.